வெளிச்சத்தை முந்திய பாசஞ்சர்

உலகத்திலேயே வெளிச்சத்தைவிட வேகமாக ஓடுகிற ரயில் ஒன்றே ஒன்றுதான். அது விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் காலை பாசஞ்சர். இதைக் கண்டுபிடித்த மேதை எங்கள் அண்டம் சார். கண்டுபிடித்ததோடு விட்டாரா? அந்த ரயிலில் ஏறிய அத்தனை பேரையும் உட்கார வைத்து, நிற்க வைத்து, படிக்கட்டில் தொங்குகிறவர்களைத் தொங்க வைத்தே நிரூபித்துக் காட்டினார். பிரபஞ்சத்தை அவ்வளவு உரிமையோடு கையாண்ட இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் யாருக்கும் அது தெரியாது. மஞ்சக்குப்பத்தில் வீடு, சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. இயற்பியல் படித்துவிட்டு நிலவரி ஃபைல் பார்க்க வந்தவர். படித்த படிப்பு வீணாகிறதே என்ற ஆதங்கத்தை எங்கள் பெட்டியில்தான் தீர்த்துக்கொண்டார். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. பேச ஆரம்பித்ததும் பையைக் கழற்றி பக்கத்தில் இருப்பவர் மடியில் வைத்துவிடுவார். அண்டத்தை விளக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும். அவருடைய சாம்பார் என் பேண்ட்டில் கொட்டிய நாட்கள் பல உண்டு.

நாங்கள் சீசன் டிக்கெட் கோஷ்டி. நான் சிதம்பரம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். நெல்லிக்குப்பத்தில் ஏறுவேன். எல்லாருக்கும் முன்னால் ஏறுகிறவன் என்பதால் எல்லாருக்கும் இடம் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது. அடுத்து திருப்பாதிரிப்புலியூரில் அண்டம் சாரும், பேங்க் மேடமும். ஆலப்பாக்கத்தில் தனசேகர். பரங்கிப்பேட்டையில் சாதிக் பாய். கிள்ளையில் ஸ்டெல்லா சிஸ்டர், அவர் ஆஸ்பத்திரி நர்ஸ். இதுதான் எங்கள் குடும்பம். வீட்டில் இருப்பவர்களோடு பேசியதைவிட இவர்களோடு பேசியது ஜாஸ்தி.

எல்லாம் ஆரம்பித்தது தனசேகரால். ஒரு நாள் எதிர் ரயிலுக்காக வண்டி ஆலப்பாக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. தனசேகர் பேப்பரில் ராக்கெட் படத்தைப் பார்த்துவிட்டு, கொட்டாவியோடு ஒரு கேள்வி கேட்டான்.

"இந்தக் கெரகம்லாம் எவ்ளோ தூரத்துல சார் இருக்கு?"

அண்டம் சாரின் சாப்பாட்டுப் பை என் மடிக்கு வந்தது.

"கோடி, கோடின்னு சொன்னா ஒனக்குப் புரியாது. இப்டி வெச்சிக்க. சூரியன் சிதம்பரம் ஸ்டேஷன்ல இருக்குது. ஸ்டேஷன் பக்கத்துத் தண்ணி டேங்க் உசரத்துக்கு ஒரு நெருப்பு உருண்டை. அப்ப பூமி எங்க இருக்கும்?"

"கடலூர்லயா சார்?"

"போய்யா! நம்ம வண்டி தெனம் சிதம்பரம் அவுட்டர் சிக்னல்ல நிக்குதே, அங்க. உரிச்ச தேங்கா சைஸ்ல. புதன், வெள்ளி, செவ்வாய் எல்லாம் அங்கயே முன்ன பின்ன, நெருக்கியடிச்சிட்டு நிக்குது. அதத் தாண்டினா வெறும் பொட்டல். வியாழன் கிள்ளையில. சனி பரங்கிப்பேட்டையில. யுரேனஸ் நீ ஏறின எடம், ஆலப்பாக்கம். நெப்டியூன் திருப்பாப்புலியூர்."

"நெல்லிக்குப்பம்?" என்று நான் கேட்டேன்.

என்னைக் கனிவோடு பார்த்தார். "நீ புளூட்டோய்யா. கடைசி. எல்லாத்துக்கும் எல்லை."

எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நெல்லிக்குப்பத்தை அதற்கு முன் யாரும் எதற்கும் எல்லை என்று சொன்னதில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "அதுக்கு ஏதாச்சும் அலவன்ஸ் உண்டா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் பெயரே மாறிப்போய்விட்டது. "என்ன யுரேனஸ், ஒடம்பு சரியில்லியா?" "வியாழன் சிஸ்டர், ஒரு தலைவலி மாத்திரை குடுங்க." யுரேனஸ் மட்டும் மற்ற கிரகங்கள் மாதிரி நிமிர்ந்து சுற்றாமல் படுத்துக்கொண்டே உருளும் என்றார் அண்டம் சார். ஏறியதும் சீட்டில் சாய்ந்து தூங்கிவிடும் தனசேகருக்கு அதைவிடப் பொருத்தமான கிரகம் கிடைக்காது.

வெளிச்ச விஷயம் அடுத்த வாரம் வந்தது. சூரியனிலிருந்து கிளம்பும் வெளிச்சம் நெப்டியூன் போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகுமாம். எங்கள் கணக்கில் அது சிதம்பரத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர். எங்கள் பாசஞ்சர் நின்று நின்று போனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். ஆக, வெளிச்சம் தோற்றது. சைக்கிளில் போகிறவன்கூட இந்த வெளிச்சத்தை முந்தலாம் என்றார். பூமியிலிருந்து சூரியனுக்கு, அதாவது அவுட்டரிலிருந்து ஸ்டேஷனுக்கு, எட்டு நிமிஷம்.

"அவ்ளோ மெதுவாவா சார் போவுது?"

"வெளிச்சம் மெதுவு இல்லய்யா, எடம் பெரிசு. வெளிச்சத்தயே நடக்க வெச்சிடுது பாரு இந்த ஆகாசம். அதச் சொல்றதுக்குத்தான் இவ்ளோ பாடு படறேன்."

அதன் பிறகு வண்டி எங்கே நின்றாலும் படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும். "டிரைவரண்ணே எடுங்க, வெளிச்சம் ஓவர்டேக் பண்ணிடப் போவுது!"

எல்லாம் இப்படிச் சுமுகமாகவே போகவில்லை. பரங்கிப்பேட்டையில் ஏறுகிற கல்யாணத் தரகர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் காலையில், பளிச்சென்று விபூதி பூசிக்கொண்டு ஏறியவரைப் பார்த்து அண்டம் சார் சந்தோஷமாக, "வாங்க சனி!" என்றுவிட்டார்.

தரகர் முகம் விபூதியைவிட வெளுத்துவிட்டது. "யோவ், நல்ல காரியமா போறேன். விடிஞ்சதும் விடியாததுமா மூஞ்சியப் பாத்து சனின்றியே, நீ நல்லா இருப்பியா?"

"சனின்னா என்னன்னு நெனச்சீங்க? அத்தினி கெரகத்துலயும் அழகு அதுதான். வளையம் போட்டிருக்கு. தண்ணியில போட்டா மெதக்கும், அவ்ளோ லேசு. பெரிய தொட்டி ஒண்ணுதான் கெடைக்கல."

"வெள்ளாத்துல போட்டுப் பாக்கலாமா சார்?" என்றார் சாதிக் பாய்.

"நான் எறங்கறேன்யா" என்று தரகர் கதவுப் பக்கம் நகர்ந்தார். பாய்தான் கையைப் பிடித்துச் சமாதானம் செய்தார். "வுடுங்க அண்ணே. வளையத்த நீங்க வெச்சிக்கங்க, ஏழரைய நான் வெச்சிக்கறேன். எங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது." அன்று பெட்டியே குலுங்கியது. தரகர் மறுநாளிலிருந்து வேறு பெட்டி.

ஆனால் அண்டம் சாரின் வாழ்நாள் சாதனை என்று கேட்டால் நான் தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும்தான் சொல்வேன். ஒரு நாள் பையிலிருந்து உரித்த தேங்காய் ஒன்றை எடுத்து ஒரு ஜன்னலோரம் வைத்தார். ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பெட்டியின் குறுக்கே எதிர் ஜன்னலோரம் வைத்தார்.

"தேங்கா பூமி. எலுமிச்சம்பழம் நெலா. நம்ம கணக்குல ரெண்டுக்கும் நடுவுல இந்தப் பொட்டி அகலத்த விடக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான் தூரம். மனுஷன் இது வரைக்கும் போனதுலயே ரொம்ப தூரம் எதுன்னு பாத்தா, இந்த ஜன்னல்லேருந்து அந்த ஜன்னல். அதுக்கே ஊரே கை தட்டுச்சு. இனிமே செவ்வாய்க்குப் போவணும்னா வண்டியிலேருந்து எறங்கி நடக்கணும்."

நாங்கள் இரண்டு ஜன்னல்களையும் மாறி மாறிப் பார்த்தோம். அப்போது கடலூர் துறைமுகம் ஸ்டேஷனில் ஒரு குடும்பம் ஏறியது. அந்த வீட்டு அம்மாள் தேங்காயைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். நடுவில் கையை ஆட்டி ஏதோ முணுமுணுக்கிற ஒல்லி ஆசாமியைப் பார்த்தார். "ஐயையோ, எவனோ கழிப்பு கழிச்சு வெச்சிருக்கான்டி, தாண்டாத, தாண்டாத!" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்கு ஓடிவிட்டார். அவரோடு இன்னும் நாலைந்து பேர் ஓடினார்கள். இடம் கிடைக்காமல் நின்றிருந்த நாங்கள் எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்தோம்.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கம் எங்கள் பெட்டியில் அன்றோடு ஒழிந்தது. துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிறவன் உண்டு. தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் நகர்த்திவிட்டு உட்காருகிற தைரியம் கடலூர் மாவட்டத்தில் யாருக்கும் கிடையாது. நெல்லிக்குப்பத்தில் ஏறியதும் பூமியை ஒரு ஜன்னலிலும் நிலாவை எதிர் ஜன்னலிலும் வைத்துவிடுவேன். சாயங்காலம் தேங்காயை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். வெள்ளிக்கிழமை பூமியைத் துருவி சட்னி அரைத்துவிடுவாள் என் மனைவி. திங்கட்கிழமை புது பூமி.

பேங்க் மேடம் எங்கள் பெட்டியில் கடைசியாகச் சேர்ந்தவர். கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர். "மொதல்ல எல்லாம் ஒரே எடத்துல இருந்து வெடிச்சுச்சுன்றாங்களே, எப்டி சார்?" என்றார், நான் புது பூமி கொண்டுவர மறந்த ஒரு திங்கட்கிழமை, நாங்கள் மூச்சுவிட இடமில்லாமல் நின்றிருந்தபோது.

"இப்ப நாம நிக்கறோமே, இப்டித்தான் நெருக்கிட்டு நின்னுச்சு. ஆனா வெடிச்சு வெளிய போவல. வெளியன்னு ஒண்ணு இருந்தாத்தான போறதுக்கு? பொட்டியே பெரிசாவுதுன்னு வெச்சிக்கங்க. நீங்க நவுரல, நான் நவுரல, ஆனா நமக்கு நடுவுல எடம் வந்துட்டே இருக்கு. இன்னமும் வந்துட்டே இருக்கு."

"அந்த மாதிரி ஒரு பொட்டி நமக்கு வுட்டா நல்லா இருக்கும் சார்" என்றான் தனசேகர், யாருடைய அக்குளிலிருந்தோ.

இவ்வளவு பேசிய மனிதருக்கு ஓர் ஆசைதான். வாரம் ஒருமுறையாவது அதைச் சொல்லுவார். "ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒரு நாள், இந்த லைன்ல அந்தந்த ஸ்டேஷன்ல அந்தந்த கெரகம் நிக்கணும்யா. சரியான சைஸ்ல. நான் ஜன்னல்ல ஒக்காந்து ஒண்ணொண்ணா பாத்துட்டே போவணும். வாயால சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு, ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்." ஒருமுறை ஒரு ஸ்டேஷன் அதிகாரியிடம் அனுமதி கேட்டும் பார்த்தார். "சனிய எங்க பிளாட்ஃபாரத்துல நிக்க வெக்கறதா? வேற எங்கயாச்சும் பாருங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டிலும் அவருக்கு ஆதரவு இல்லை. "வீட்ல ஃபேன் சுத்தலன்னா என்னான்னு பாக்க மாட்டீங்க, வியாழன் எப்டி சுத்துதுன்னு ஊருக்குச் சொல்லுவீங்க" என்று அவர் மனைவி திட்டியதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிந்ததும் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார்.

புளூட்டோ கலவரம் மேடம் வந்து சேர்ந்த அடுத்த வருஷம் வெடித்தது. பேங்க் மேடம் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தவர், யதார்த்தமாக, "சார், புளூட்டோ இப்ப கெரகமே இல்லியாமே? லிஸ்ட்லேருந்து தூக்கி ரொம்ப வருஷம் ஆவுதாமே?" என்றார்.

நான் அண்டம் சாரைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டுப் பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடினார்.

"நெஜமா சார்?"

"அது வந்துய்யா... குள்ளக் கெரகம்னு சொல்றாங்க. கெரகம்ன்ற வார்த்த இன்னமும் இருக்கு பாரு."

"ஒங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

மறுபடியும் ஜிப்பைத் திறந்தார். முதல் நாள், ஆலப்பாக்கத்தில் என்னைப் புளூட்டோ என்று சொன்னபோதே தெரிந்திருக்கிறது! இல்லாத பதவியைக் கொடுத்து இத்தனை வருஷம் என்னிடம் இடம் பிடிக்கும் வேலை வாங்கியிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தரம் எறக்கின ஊர்க்காரன் எதுக்கு எடம் போடணும்?" என்றேன்.

மறுநாள் பூமியும் நிலாவும் இல்லாமல் ரயில் கிளம்பியது. நான் மட்டும் எனக்கொரு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். நெப்டியூன் கக்கூஸ் கதவோரம் நின்றது. யுரேனஸ் படுக்க இடமில்லாமல் தவித்தது. ஸ்டெல்லா சிஸ்டர் நைட் டூட்டி முடித்துத் திரும்பும் ஒரு நர்ஸின் தோளில் சாய்ந்தபடி, "இவ்ளோ கோவம் ஆவாதுங்க அண்ணே" என்றார். இந்தக் கூத்து அந்த வாரம் முழுக்க நடந்தது.

திங்கட்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ஏறிய அண்டம் சார் நேராக என்னிடம் வந்தார். பேங்க் மேடத்தின் போனை வாங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏதோ பழுப்பு உருண்டை. அதன் மேல் வெளேரென்று இதயம் மாதிரி ஒரு திட்டு.

"புளூட்டோய்யா. ஒரு ஊர்தி ஒம்பது வருஷத்துக்கு மேல பறந்து போயி எடுத்த போட்டோ. அது கெளம்பறப்ப புளூட்டோ கெரகம். போய்ச் சேர்றப்ப இல்ல. அதுக்காவ பாதியில திரும்பிச்சா? போச்சுய்யா. போயிப் பாத்தா இது இருக்கு. வேற எந்தக் கெரகத்துக்கு இப்டி இருக்கு, சொல்லு பாப்போம்?"

நான் விறைப்பாக, "ஏன் சார் மறைச்சீங்க?" என்றேன்.

"எல்லாருக்கும் எடம் புடிச்சிட்டு வர்ற ஆளப் பாத்து, நீ கணக்குலயே இல்லன்னு எப்டிய்யா சொல்றது?"

கோபம் போய்விட்டது. ஆனால் உடனே இறங்கிவரக் கூடாதல்லவா? "ஒரு நாளாச்சும் இந்த ரயில்ல புளூட்டோ வரைக்கும் வந்திருக்கீங்களா நீங்க? நெப்டியூன்ல எறங்கிப் போயிடறீங்க" என்று ஒரு குத்து விட்டேன்.

"வரேன்யா. ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒரு நாள் வரேன்" என்றார். வரவில்லை. தினமும் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும்போது மட்டும், "நாளைக்குப் பாப்போம் புளூட்டோ" என்று கூச்சத்தோடு ஒரு சிரிப்பு.

அவர் ஓய்வு பெறும் மாதம் வந்தது. நாங்கள் ரகசியமாகக் கூடிப் பேசினோம். ஸ்டெல்லா சிஸ்டர் வீட்டில் மூங்கில் கூண்டு கட்டி, கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒட்டும் பழுப்புத் தாளைச் சுற்றினார்கள். கோடு கோடாக வியாழனேதான். பாய் கல்யாணத்துக்கு பிரியாணி ஆக்கும் பெரிய அண்டாவைப் பிடித்தார். பந்தல்காரரிடம் மூங்கிலை வளைத்து வாங்கி அதைச் சுற்றி வளையமும் தயார். தனசேகருக்குக் கஷ்டமில்லை. பெரிய பூசணிக்காய் ஒன்று, படுத்த நிலையில். நெப்டியூனுக்கு ஸ்டேஷன் டீக்கடைக்காரரின் நீலப் பிளாஸ்டிக் குடம். புளூட்டோ என்ன சைஸ் என்று மேடம் கணக்குப் போட்டார். ஒரு நெல்லிக்காய். "அதுக்கு மேல வேணாம் அண்ணே, சார் கண்டுபுடிச்சிருவாரு" என்றார்.

கடைசி நாள் காலை. நெல்லிக்காயைக் காட்ட அவர் அந்தப் பக்கம் வரப்போவதில்லை என்பதால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, பூமியையும் நிலாவையும் வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் போய்ச் சேர்ந்தேன். டீக்கடைக்காரர் நீலக் குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். மேடம் நின்றார். அண்டம் சாரைக் காணோம்.

மேடம் போன் போட்டார். அவர் மனைவி எடுத்தார். "அவரு கெளம்பிட்டாரும்மா. கடைசி நாளாச்சே, மாப்ள சென்னையிலேருந்து கார் எடுத்துட்டு வந்துட்டாரு. போன இங்கயே வுட்டுட்டுப் போயிட்டாரு பாரு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஓய்வு பெறுகிற நாளில் யார் ரயிலில் போவார்கள்? மாலை போட்டு, காரில் கூட்டிப்போய், காரில் கொண்டுவந்து விடுவதுதானே உலக வழக்கம்? எத்தனை பேரை நாங்களே அப்படி ஏற்றி அனுப்பியிருக்கிறோம்! வியாழனுக்கு எத்தனை கோடு என்று யோசித்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவமானம். ஆலப்பாக்கத்தில் பூசணிக்காயோடு நின்ற தனசேகரின் மச்சான், "எங்கடா ஒங்காளு?" என்றான். பரங்கிப்பேட்டையில் நாலு பேர் அண்டாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேர்த்து வழிந்தார்கள். "கார்ல போயிட்டாரா? அப்ப இத நாங்க எடுத்துட்டுப் போறோம் பாய், மத்தியானம் நிக்காஹ்வுக்கு வேணும்." கிள்ளையில் வியாழனைப் பிடித்திருந்தவர் முகம் தெரியவில்லை. அது நல்லதற்குத்தான்.

அவுட்டரில் வழக்கம்போல் வண்டி நின்றது. மேடம்தான் எழுந்தார். "சாயங்காலம் இருக்குல்ல? எல்லாரையும் மறுபடி நிக்கச் சொல்லுங்க. சார நான் கூட்டிட்டு வரேன்" என்றார்.

"கார் நிக்கும் மேடம். மாப்ள வுடுவாரா?"

"வுடுவாரு" என்றார், கடன் வசூலுக்குப் போகிறவர் குரலில்.

சாயங்காலம் சிதம்பரத்தில் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. பூமியையும் நிலாவையும் வைத்துவிட்டு நாங்கள் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தோம். பிரிவு விழாவில் பேசி முடிக்கிறவர்கள் யாராவது உண்டா? கார்டு கொடியை எடுத்தார். அப்போது மேம்பாலப் படியிறங்கி ஓடி வந்தார்கள். முன்னால் மேடம். அவர் பின்னால் கழுத்தில் ரோஜா மாலை, தோளில் சால்வையோடு அண்டம் சார். அவர் பின்னால் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் மனைவி. பிரிவு விழாவுக்கு மதியம் வந்து சேர்ந்திருந்த அந்த அம்மாள், "என்னாத்துக்கு ரயிலு? கார்ல ஏசி போட்டு வெச்சிருக்காரு மாப்ள" என்று திட்டிக்கொண்டே ஓடி வந்தார். பாய் ஒரு கை, நான் ஒரு கை கொடுத்து மூவரையும் ஏற்றினோம்.

"என்னய்யா இது, கலாட்டா?" என்றார் மூச்சு வாங்க. தேங்காய்ப் பக்கத்து ஜன்னலில் உட்கார வைத்தோம்.

கிள்ளை வந்தது. பிளாட்ஃபாரத்தில், சாயங்கால வெயிலில், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மியாக வியாழன் நின்றது. அண்டம் சாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வாயைத் திறந்தார். முப்பது வருஷம் ஓயாத அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. "சைஸ் சரியா சார்?" என்று சிஸ்டர் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளாற்றைத் தாண்டி பரங்கிப்பேட்டையில் சனி. கழுவியும் பிரியாணி வாசனை போகாத சனி. ஜன்னல் வழியே கையை நீட்டி வளையத்தைத் தொட்டார். மனைவி பக்கம் திரும்பி, "சனிடி" என்றார். "அதுதான் தெரியுதே, வளையம் இருக்கே" என்றார் அந்த அம்மாள். அண்டம் சார் அவரையே பார்த்தார். அத்தனை வருஷமும் வீட்டில் சொன்னதை யாரோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டைக்கும் ஆலப்பாக்கத்துக்கும் நடுவில் நெடுந்தூரம் எந்தக் கிரகமும் வரவில்லை. "இவ்ளோ காலியாவா இருக்கும்?" என்று அம்மாள் கேட்டார். "இவ்ளோ காலி" என்றார். பிறகு பூசணிக்காய். பிறகு, மின்விளக்குகள் போட்ட திருப்பாதிரிப்புலியூரில் நீலக் குடம். அதன் பக்கத்தில் கார் சாவியைச் சுழற்றியபடி மாப்பிள்ளை.

"எறங்குங்க மாமா, வீட்ல ஆரத்தி கரைச்சு வெச்சிருக்காங்க."

அண்டம் சார் எழுந்திருக்கவில்லை. "நீங்க நெல்லிக்குப்பம் வந்துடுங்க மாப்ள. இன்னும் ஒரு கெரகம் பாக்கி இருக்கு."

"சார், அது கெரகம் இல்ல" என்றேன்.

"இருக்கட்டும்யா" என்றார்.

நான் பதறிப்போய் வீட்டுக்குப் போன் அடித்தேன். வண்டி நெல்லிக்குப்பத்தில் நின்றபோது, அடுப்பில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்த என் மனைவி, உள்ளங்கையில் ஒரு நெல்லிக்காயை ஏந்திக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் நின்றாள். அண்டம் சார் இறங்கினார். நெல்லிக்காயை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். அந்த மனிதர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்களும் யோக்கியமில்லை. தங்கள் ஸ்டேஷனில் இறங்காமல் எல்லாருமே அங்கே வந்திருந்தார்கள். பாய் மூக்கைச் சிந்தினார்.

ரயில் போய்விட்டது. கரும்பு லாரிகள் நிற்கும் பக்கமாக நிலா ஏறிக்கொண்டிருந்தது.

"இதுக்கப்புறம் என்னா ஸ்டேஷன்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

அண்டம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலாவைக் காட்டினார். "நம்ம கணக்குல அடுத்த நட்சத்திரம் அங்க இருக்கு. அந்த நெஜ நெலா இருக்குற தூரத்துல. நடுவுல ஒண்ணும் கெடையாது."

அம்மாள் நிலாவைப் பார்த்தார். பிளாட்ஃபாரத்தில் நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்ப நாம எல்லாரும் ரொம்பப் பக்கத்துலதான் இருக்கோம்" என்றார்.

அண்டம் சார் இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறார். மின்சார ரயிலில் ஏறி அங்கேயும் ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. ஸ்டேஷன்கள் நெருக்கமாக இருப்பதால் கிரகங்கள் சரியாக உட்காரவில்லையாம், போனில் வருத்தப்பட்டார். நான் இன்னும் அதே காலை பாசஞ்சரில்தான் போகிறேன். ஏறியதும் தேங்காயை ஒரு ஜன்னலிலும் எலுமிச்சம்பழத்தை எதிர் ஜன்னலிலும் வைக்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் கூட்டம் ஏறும். தேங்காய்ப் பக்கத்து சீட்டைக் காட்டி யாராவது புதியவர், "இது காலியா சார்?" என்று கேட்பார்.

"இல்லீங்க, ஆள் வருது" என்பேன்.